பதினோராம் எண் கூண்டு

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. நள்ளிரவு நெருங்கும்போது ரெயின்போ நகரிலிருந்து அத்தை போன் செய்தார். கரண்ட் சாயங்காலமே போயிருந்தது. மொபைலில் மிச்சமிருந்த சார்ஜில் ஏதோ ஒரு செய்தி சேனலின் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"புயல் கடந்துடுச்சாம்டா. டிவில கீழ ஓடுது. நான் போய் படுக்கவா?"

"கடந்துடுச்சுன்னா படுங்க அத்தை. காலைல பேசிக்கலாம்."

அப்படித்தான் சொன்னேன். நான் லாஸ்பேட்டையில் இருக்கிறேன். மேட்டுப் பகுதி. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு சொல், 'கடந்தது', எனக்கும் போதுமானதாக இருந்தது.

விடியற்காலை நாலு மணிக்கு அத்தை எழுந்து காலைக் கீழே வைத்தபோது தண்ணீர் கணுக்காலுக்கு மேலே இருந்தது. விடிவதற்குள் முழங்கால். மாடி வீட்டுக்காரர்கள் டார்ச் அடித்து அவரை மேலே ஏற்றிக்கொண்டார்கள். மாமாவின் பென்ஷன் காகிதங்கள், பழைய போட்டோக்கள், அவர் பிரெஞ்சில் எழுதி வைத்திருந்த நோட்டுகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. பெட்டியை யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. புயல்தான் கடந்துவிட்டதே.

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது அன்றிரவு பத்தரை மணிக்கும் பதினொன்றரைக்கும் இடையில். அதாவது சேனல் சொன்னது பொய்யில்லை. கடந்த பிறகு அது உள்ளே போகாமல் மணிக்கணக்கில் நம் தலைமேலேயே நின்றது. ஞாயிறு காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பெய்த மழை 45 சென்டிமீட்டருக்கும் மேல். கிருஷ்ணா நகரில் வீடுகளில் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வந்தது.

நான் ஆறு வருஷம் சென்னை சேனல் ஒன்றுக்குப் புதுச்சேரியில் ஸ்ட்ரிங்கராக இருந்தவன். 'கரையைக் கடந்தது' என்று என் வாயாலேயே மைக்கில் சொல்லியிருக்கிறேன். வானிலை அறிக்கையில் அதன் பொருள் ஒன்றுதான்: புயலின் மையம் கடலிலிருந்து நிலத்துக்குள் வந்துவிட்டது. வீட்டில் நாம் பேசும் தமிழில் 'கடந்துவிட்டது' என்றால் போய்விட்டது, முடிந்துவிட்டது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. ஒரே சொல், நேர் எதிரான இரண்டு அர்த்தம். தொழில் தெரிந்த நான் அன்றைக்கு அத்தையின் அர்த்தத்தில்தான் கேட்டேன்.

டிவி செய்தியின் சாதாரணச் சொற்களை அதன்பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கிருந்து வந்தன, யார் யாருக்காக உண்டாக்கியவை, எங்கள் ஊரில் அவை எப்படி நடந்துகொள்கின்றன. இந்தக் கட்டுரை அப்படித் தேடியதன் கணக்கு.

*

முதலில் 'டெலிவிஷன்'. இந்தச் சொல் பிறந்தது பிரெஞ்சில் என்று மாமா சொல்வார். மாமா எங்கள் ஊர் வழக்கில் ஒரு 'சொல்தா', அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எதைக் கேட்டாலும் பிரெஞ்சு என்பார் என்பதால் நான் நம்பவில்லை. ஆனால் இதில் அவர் சொன்னது சரி. 1900 ஆகஸ்டில் பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த மின்சார மாநாட்டில் கான்ஸ்டான்டின் பெர்ஸ்கி என்ற ரஷ்யர் பிரெஞ்சில் ஒரு கட்டுரை வாசித்தார். அதில்தான் 'தெலெவிசியோன்' என்ற சொல் முதன்முதலாக வந்தது. கருவி வருவதற்கு இருபத்தைந்து வருஷம் முன்னாலேயே பெயர் வந்துவிட்டது. பாதி கிரேக்கம், பாதி லத்தீன். அதை அப்படியே பிரித்து மாற்றினால் தொலை, காட்சி.

தமிழில் அதற்குத் துணையாக வந்த சொல் இன்னும் நுட்பமானது. வானொலிக்கு ஒலிபரப்பு, தொலைக்காட்சிக்கு ஒளிபரப்பு. ல என்பதை ள என்று மாற்றினால் சத்தம் வெளிச்சமாகிவிடும். கண்ணுக்கு அழகு, வாய்க்குச் சோதனை. பேச்சில் பலருக்கும் இரண்டும் ஒன்றாகவே விழும். செய்தி வாசிக்க ஆள் எடுக்கும்போது ல, ள, ழ மூன்றையும் சொல்லச் சொல்லிக் கேட்பது ஏன் என்று இதிலேயே தெரியும். ஒளியைப் பரப்புகிறவர் ஒலியைச் சரியாகச் சொல்லியாக வேண்டும்.

'புல்லெட்டின்' என்பதற்கும் ஒரு பிரெஞ்சுக் கதை உண்டு. போப்பாண்டவரின் கடிதங்களில் பதிக்கும் முத்திரைக்கு லத்தீனில் 'புல்லா'. அதிலிருந்து இத்தாலி வழியாகப் பிரெஞ்சுக்கு வந்து, சிறிய அதிகாரபூர்வ அறிக்கைக்குப் பெயரானது. நெப்போலியன் தன் போர்களைப் பற்றி புல்லெட்டின் வெளியிட்டுக்கொண்டே இருந்தார். எல்லாவற்றிலும் வெற்றி. கடைசியில் 'புல்லெட்டின் மாதிரி பொய் சொல்கிறான்' என்பது பிரெஞ்சில் ஒரு பழமொழியாகிவிட்டது. இரவு எட்டு மணிச் செய்திக்கு நாம் வைத்திருக்கும் பெயரின் ஜாதகம் இது.

*

புதுச்சேரியில் செய்தி என்று பேச வந்தால் ஆனந்தரங்கப் பிள்ளையைத் தாண்டிப் போக முடியாது. 1736லிருந்து 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, ஒரு மனிதன் தனக்குத் தானே நடத்திய செய்தி அறை. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, கப்பல் வந்தது, போனது எல்லாவற்றையும் எழுதப்போவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். எதைப் பார்த்தார், எதைக் கேள்விப்பட்டார் என்று பிரித்துச் சொல்வதுதான் இன்றுவரை செய்தியின் முதல் பாடம். அவர் துபாஷி. 1747இல் ஆளுநர் துய்ப்ளேவின் தலைமைத் துபாஷி ஆனார். இரண்டு மொழிக்காரர் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். கவர்னர் பேசுவதைத் தமிழுக்கும், ஊர் பேசுவதைப் பிரெஞ்சுக்காரர் காதுக்கும் கொண்டுபோகிறவர்.

செய்தி முகமைகளின் தொடக்கமும் இதேபோல் மொழிபெயர்ப்புதான். பாரிஸில் சார்ல் ஹவாஸ் முதலில் செய்தது வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து விற்றது. 1835இல் அதுவே செய்தி முகமை ஆனது. பின்னாளில் ராய்ட்டர்ஸைத் தொடங்கிய ராய்ட்டர் அவரிடம் வேலை பார்த்தவர். நம் பக்கம் வந்தால், டெல்லியிலிருந்து அகில இந்திய வானொலிக்காகத் தமிழ்ச் செய்தி படித்தவர்களின் பதவிப் பெயரே செய்தி வாசிப்பாளர் - மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் வரும் பொதுப் பிரதியை உட்கார்ந்து தமிழாக்கி, எழுந்துபோய் அதைப் படிக்க வேண்டும். சரோஜ் நாராயணசாமியின் குரலை நினைவு வைத்திருப்பவர்கள் அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு பேனாவும் ஓடியதை மறந்துவிடுகிறோம். நம் செய்தித் தமிழின் வாக்கிய அமைப்பே அந்த அவசர மொழிபெயர்ப்பில் உருவானது. 'என்று அவர் தெரிவித்தார்', 'எனத் தெரிகிறது', 'எனக் கூறப்படுகிறது'. வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை.

பழைய தமிழ்ச் சொற்கள் இரண்டு இந்தத் தொழிலுக்குள் வேஷம் மாறி வந்திருக்கின்றன. ஒன்று பேட்டி. வடக்கிலிருந்து வந்த சொல். பெரிய மனிதரை முறைப்படி போய்ச் சந்திப்பது. இன்றைக்கு மைக்கை நீட்டிக் கேள்வி கேட்பதும் பேட்டிதான். ஆனால் பழைய பணிவு இன்னும் முழுசாகப் போகவில்லை என்பது சில பேட்டிகளைப் பார்த்தால் தெரியும். இன்னொன்று நிருபர். நிருபம் என்றால் கடிதம், எழுத்தாணை. தமிழ் பைபிளில் பவுல் எழுதுவதெல்லாம் நிருபங்கள். தூரத்திலிருந்து கடிதம் எழுதி அனுப்புகிறவர் நிருபர். ஆங்கிலத்தில் 'கரஸ்பாண்டென்ட்' என்பதும் கடிதத் தொடர்பு வைத்திருப்பவர்தான். நான் வாட்ஸ்அப்பில் வீடியோவும் நாலு வரியும் அனுப்பியபோது பவுல் செய்த வேலையைத்தான் செய்தேன். பவுலுக்கு யாரும் 'விஷுவல் பத்தல' என்று பதில் போடவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு இன்னொரு சிறப்பு உண்டு. பக்கத்திலேயே ஒரு எல்லை. 1908இல் பாரதி இங்கே வந்ததும், அக்டோபரிலிருந்து 'இந்தியா' பத்திரிகை இங்கிருந்து வெளிவந்ததும் அந்த எல்லையின் தயவில்தான். அதே எல்லையை வைத்துத்தான் பிரிட்டிஷார் அதை முடக்கவும் செய்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அந்தத் தாள் நுழையத் தடை போட்டார்கள். 1910இல் பத்திரிகை நின்றது. எழுதுகிற இடம் ஒரு பக்கம், படிக்கிறவர்கள் மறுபக்கம். இந்த நிலைமை எங்களை விட்டுப் போகவே இல்லை.

*

1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பேர் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றபோது இங்கே டிவி கிடையாது. இந்தியாவிலேயே கிடையாது. டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது 1959 செப்டம்பர் 15. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15. அதற்கு முன்பே, 1967இல், புதுச்சேரிக்குச் சொந்தமாக ஒரு வானொலி நிலையம் வந்துவிட்டது. ஆக, காதுக்குச் செய்தி ஊருக்குள்ளிருந்து வந்தது, கண்ணுக்குச் செய்தி 150 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையிலிருந்து வந்தது.

அந்தக் காலத்து ஆன்டெனா கதைகளை அத்தை சொல்லக் கேட்க வேண்டும். மாடியில் ஒருத்தர் கம்பத்தைத் திருப்ப, கீழே ஒருத்தர் "இப்ப வருது... போச்சு... இப்ப வருது" என்று கத்த, நடுவில் படிக்கட்டில் ஒரு பையன் தகவல் கடத்துவான். பிற்பாடு நான் பார்த்த 'லைவ்' ஏற்பாடுகளும் இதே முறையில்தான் இயங்கின. 1984 வாக்கில் நாடு முழுக்க ஒரு நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் டிரான்ஸ்மிட்டர்களை நட்டார்கள். ஊர் ஊராகப் படம் தெளிந்தது. காரைக்கால், நாகப்பட்டினம் பக்கத்தில் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கையின் ரூபவாஹினியும் எடுத்தது. 1982இல் தொடங்கியது அது.

அப்போது செய்தி வாசிப்பாளர் என்பது குடும்பத்தில் ஒருவர் மாதிரி. ஷோபனா ரவியின் நிதானம், வரதராஜனின் கனம், நிர்மலா பெரியசாமியின் நீண்ட வணக்கம். அவர்கள் வாசித்தார்கள். 'ஆங்கர்' என்ற சொல் பின்னால் வந்தது. அமெரிக்காவில் 1952 கட்சி மாநாடுகளின்போது வால்டர் கிராங்கைட்டை ஒட்டிப் பரவிய சொல் அது. வாசிப்பாளர் முன்னால் ஒரு தாள் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஆங்கர் நம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். அவர் கண்ணுக்கும் நமக்கும் நடுவில், லென்ஸுக்கு முன்னால் சாய்த்து வைத்த கண்ணாடியில், டெலிப்ராம்ப்டரின் எழுத்து ஓடுகிறது. 1950 வாக்கில் அமெரிக்காவில் வசனம் மறக்கும் நடிகர்களுக்காக உண்டான கருவி அது. தாள் மறைந்ததும், இது யாரோ எழுதிக் கொடுத்தது என்ற நினைப்பும் நமக்கு மறைந்தது. 'நெறியாளர்' என்று தமிழில் பெயர் வைத்தபோது இன்னும் ஒரு படி ஏறிவிட்டது. வாசிக்கிறவர் நெறிப்படுத்துகிறவராகிவிட்டார்.

தூர்தர்ஷன் காலத்தின் ஒரு சொற்றொடரை மட்டும் நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. படம் அறுந்தால் அந்த அட்டையைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். எங்களிடம் இப்போது சொல்ல ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்ள ஒரு அட்டை வைத்திருந்தார்கள். 24 மணி நேரச் சேனல்களில் அந்த அட்டைக்கு இடமில்லை.

*

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி. 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை. அதன்பின் வரிசையாகச் செய்திச் சேனல்கள். நான் வேலைக்குச் சேர்ந்தது அந்த அலையில்தான். முதல் நாள் சென்னை டெஸ்க்கிலிருந்து போனில் சொன்னது இது: "ரெண்டு பைட் எடு, ஒரு வாக்ஸ் பாப், ஒரு பி.டி.சி. குடு, பேக்கேஜா வேணாம், ஆங்கர் விஷுவலா ஓட்டிக்கிறோம். அதுவரைக்கும் ஃபோனோல இரு." எனக்குப் புரிந்தது 'இரு' மட்டும்தான்.

பைட் என்றால் பேசுகிறவரின் வாயிலிருந்து வெட்டியெடுத்த துண்டு. ஆங்கிலத்தில் அது கடி. நம் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பைட்டின் ஸ்பெல்லிங்கில் எழுதுகிறார்கள். கடி என்பதே பொருத்தம். அரை மணி நேரம் பேசியவரிடமிருந்து பதினைந்து நொடி கடித்து எடுப்பது. பி.டி.சி. என்றால் சம்பவ இடத்தில் நின்று கேமராவைப் பார்த்து நிருபர் பேசுவது. பேக்கேஜ் என்றால் பைட், படம், பின்னணிக் குரல் எல்லாம் சேர்த்துத் தைத்த முழுத் துணி. தமிழில் செய்தித் தொகுப்பு. ஃபோனோ என்றால் நிருபரின் குரல் மட்டும் போனில், திரையில் அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பெயர் போடும் பட்டைக்கு ஆஸ்டன். எழுத்து போடும் மெஷின் செய்த பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர் அது. வனஸ்பதிக்கு டால்டா என்றே பெயர் நிலைத்த மாதிரி.

அத்தை சொன்ன 'கீழ ஓடுது' என்பதற்கு டிக்கர் அல்லது ஸ்க்ரோல். 1867இல் அமெரிக்காவில் பங்கு விலைகளைத் தந்தி வழியே நாடாத் தாளில் அச்சடித்த மெஷின் டிக் டிக் என்று சத்தம் போட்டது. அதுதான் பெயர். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கச் சேனல்கள், சொல்ல வேண்டியது திரைக்கு அடங்காமல் கீழே ஓடவிட்டன. அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. எங்கள் ஊர் டீக்கடையில் 'டிவில கீழ ஓடுச்சு' என்றால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. எழுத்தில் வந்ததை நம்பும் பழைய பழக்கம்.

மாமாவுக்கு இந்தச் சொற்களைச் சொல்வது ஒரு விளையாட்டு. கேபிளில் டிவி5 வந்ததிலிருந்து அவர் இரவு எட்டு மணிச் செய்தியைப் பிரெஞ்சில் பார்ப்பவர். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்வார். வாக்ஸ் பாப் என்றால் லத்தீனில் மக்கள் குரல். அதற்குப் பிரெஞ்சில் 'மிக்ரோ த்ரொத்துவார்', நடைபாதை மைக். இதுதான் நேர்மையான பெயர் என்பார். நடைபாதையில் அந்த நேரம் போனவர்களைத்தானே கேட்கிறாய், மக்கள் எல்லாரையுமா கேட்டாய்? எந்தச் செய்திக்குப் பிறகு எந்தச் செய்தி என்ற பட்டியல் ரன்டவுன். பிரெஞ்சில் 'கோந்துக்தர்'. நம் பஸ் கண்டக்டரோடு பிறந்த சொல். யாரை ஏற்றுவது, யாரை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடுவது என்று அவர்தான் முடிவு செய்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது 'துப்ளெக்ஸ்'. ஸ்டுடியோவும் நிருபரும் இரண்டு இடத்திலிருந்து நேரலையில் பேசிக்கொள்வதற்குப் பிரெஞ்சுச் செய்தியில் அந்தப் பெயர். இரட்டை என்று பொருள், தந்திக் காலத்துத் தொழில்நுட்பச் சொல். பிள்ளையின் எஜமானர், நாம் துய்ப்ளே என்று சொல்லிப் பழகிய ஆளுநரின் பெயரையும் பிரெஞ்சுக்காரர்கள் கிட்டத்தட்ட அதே ஒலியில்தான் சொல்கிறார்கள். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் அவர் சிலைக்குக் கீழே நின்று நான் லைவ் கொடுக்கும்போதெல்லாம் மாமா போனில் சிரிப்பார்: "துப்ளெக்ஸ்கிட்ட நின்னு துப்ளெக்ஸ் குடுக்கிற."

அந்த லைவில் ஒரு சங்கடமான மௌனம் வருமே, கவனித்திருப்பீர்கள். ஆங்கர் கேள்வி கேட்டு முடித்த பிறகும் நிருபர் தலையாட்டிக்கொண்டே நிற்பார். முட்டாளாகத் தெரிவார். செயற்கைக்கோள் இருப்பது ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில். சிக்னல் ஏறி இறங்கக் கால் நொடி. கேள்வி வரக் கால், பதில் போகக் கால், நடுவில் மெஷின்கள் படத்தைச் சுருக்கி விரிக்க இன்னும் கொஞ்சம். இப்போது பல இடங்களில் ஓ.பி. வேனுக்குப் பதில் முதுகுப்பை. நாலைந்து சிம் கார்டுகளைச் சேர்த்து ஒரே கயிறாகத் திரித்துப் படத்தை அனுப்பும் பெட்டி. செலவு குறைவு. ஆனால் செல்போன் டவர் விழுந்தால் பெட்டியும் பொம்மை. புயல் வரும் நாளில்தான் டவரும் விழும்.

*

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நான் பள்ளிக்கூடப் பையன். காலையில் சென்னையில் நில அதிர்வு என்று டிவியில் சொன்னார்கள். சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியது நம் நேரம் ஆறரை மணி வாக்கில். அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் இரண்டையும் இணைத்துச் சொல்ல ஒரு சொல் நம் செய்தியில் இல்லை. வைத்திக்குப்பத்திலிருந்து ஓடி வந்தவர்கள் "கடல் உள்ள வந்துடுச்சு" என்றுதான் கத்தினார்கள். 'சுனாமி' அதன்பிறகுதான் வந்தது. ஜப்பானியத்தில் துறைமுக அலை என்று அர்த்தம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 600 உயிர். பெரும்பாலும் காரைக்காலில்.

பிறகு 'ஆழிப்பேரலை' என்று ஒரு தமிழ்ச் சொல் உண்டாயிற்று. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. நம்மிடம் 'கடல்கோள்' என்று ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது. கடல் வந்து கொண்டுபோவது. பாண்டிய நாட்டைக் கடல் கொண்டது பற்றி இறையனார் களவியல் உரை பேசுகிறது, தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். பாட்டி கதையாக, பழம்பெருமையாக, ஐந்து மதிப்பெண் கேள்வியாக இருந்த அந்தச் சொல்லை யாரும் செய்தி மேஜைக்கு எடுத்து வரவில்லை. அது நாளைக்கும் நடக்கலாம் என்று நாம் நினைக்கவில்லை. ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் வந்தது. சொல் வந்து மூன்று வருஷத்தில் கருவி வந்தது. டெலிவிஷனுக்கும் இதே வரிசைதான்.

*

எங்கள் ஊரின் நிரந்தரச் சொற்றொடர் ஒன்று உண்டு: 'தமிழகம், புதுச்சேரி மற்றும் காரைக்கால் பகுதிகளில்'. மழை பெய்யும்போது நாங்கள் அந்தக் காற்புள்ளிக்கும் 'மற்றும்' என்பதற்கும் நடுவில் வருகிறோம். மழை இல்லாத நாட்களில் வருவதே அபூர்வம். 2021 பிப்ரவரி 22இல் நம்பிக்கை வாக்கெடுப்பில் நாராயணசாமி அரசு கவிழ்ந்தபோது பாரதி பூங்காவைச் சுற்றி ஓ.பி. வேன்கள் நின்றன. மூன்றே நாளில் எல்லாம் போய்விட்டன.

ஸ்ட்ரிங்கர் என்ற சொல்லே இந்த ஏற்பாட்டின் பெயர்தான். அச்சான செய்தியின் நீளத்தை நூல் வைத்து அளந்து காசு கொடுத்ததால் அந்தப் பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கும் அதே கணக்கு. செய்தி ஓடினால் காசு. ஒருமுறை நான் அனுப்பிய மீனவர் போராட்டச் செய்தியில் மாநிலப் பெயர் வரவேண்டிய இடத்தில் தமிழ்நாடு என்று போட்டுவிட்டார்கள். எங்களுக்குத் தனிச் சட்டமன்றம், தனி மீன்வளத் துறை, தனி நிவாரணத் தொகை. கோரிக்கை புதுச்சேரி முதல்வரிடம். டெஸ்க்குக்கு போன் செய்தேன். "வியூவருக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா" என்றார்கள். அன்றைக்குப் போராடிய பெண்களில் ஒருவர் அடுத்த நாள் என்னைக் கேட்டார்: "நாங்க எந்த ஊருன்னே தெரியாமலா தம்பி வந்து படம் புடிச்ச?" அந்தச் செய்திக்கு வந்த காசை என்ன செய்தேன் என்று நினைவில்லை. அந்தக் கேள்வி நினைவிருக்கிறது.

*

கடைசியாகக் கூண்டு. 'புதுச்சேரி துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்.' டிவி செய்தியின் பழைய சொற்களில் ஒன்று இது. டிவிக்கும் ரேடியோவுக்கும் முந்தியது. கப்பல்களுக்குப் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு 1865இல் கல்கத்தாவில் தொடங்கியது. 1898 ஏப்ரல் 1 முதல் பிரிட்டிஷ் இந்தியத் துறைமுகங்களுக்கெல்லாம் ஒரே முறை. பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையுமான உருவங்களை ஏற்றுவார்கள். கூண்டு என்று நாம் சொல்வது அவற்றைத்தான். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். படிக்கத் தெரியாத மாலுமிக்கும் புரிய வேண்டும், தூரத்திலிருந்து தெரிய வேண்டும்.

எண் கூடக் கூட ஆபத்து கூடும் என்று மட்டும்தான் நான் ஸ்ட்ரிங்கராக இருந்தபோது நினைத்திருந்தேன். முழுக்கச் சரியில்லை. ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ளதைச் சொல்வன. மூன்றும் நான்கும் இந்தத் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே அளவு ஆபத்து. துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் கடக்குமா, அந்தப் பக்கமா, நேர் மேலேயா என்பதுதான் வித்தியாசம். எட்டு, ஒன்பது, பத்தும் அப்படியே, தீவிரப் புயலுக்கு. ஒரு எண்ணுக்குள் எவ்வளவு, எங்கே என்ற இரண்டு தகவல். 'கடந்தது' என்ற சொல்லில் இந்த இரண்டுமே இல்லை. மழையின் அளவுக்கும் சொல் வரிசை உண்டு: கனமழை, மிக கனமழை, அதி கனமழை. 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் சொல் இல்லை. அன்றிரவு எங்களுக்குப் பெய்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

வரிசையில் கடைசி எண் பதினொன்று. அது எந்தப் புயலையும் குறிப்பதில்லை. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வருமென்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று அதற்குப் பொருள். எங்களுக்கு மேலே இருந்து தகவல் வரவில்லை, ஆனால் ஆபத்து இருக்கிறது, உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். தடங்கலுக்கு வருந்தும் அட்டையைவிட ஒரு படி மேல். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அதையே எச்சரிக்கையாகவும் ஆக்கியிருக்கிறார்கள். அன்றிரவு அத்தை கேட்டபோது என்னிடமிருந்து வந்திருக்க வேண்டிய பதில் அதுதான்: "எனக்குத் தெரியல அத்தை, மழை நிக்கல, பெட்டியைத் தூக்கி மேல வைங்க."

நோட்டுகளில் பாதியைக் காயவைத்துக் காப்பாற்றினோம். மையால் எழுதியது கரைந்துவிட்டது, பென்சிலில் எழுதியது நிற்கிறது. மாமா இப்போது இல்லை. ஒரு பக்கத்தில் நான் சொன்ன ஆங்கிலச் சொற்களும் பக்கத்தில் அவருடைய பிரெஞ்சுச் சொற்களும் வரிசையாக இருக்கின்றன. மூன்றாவதாகத் தமிழுக்கு என்று கோடு போட்டு இடம் விட்டிருந்தார். அதில் பெரும்பாலும் காலி.

போன மழைக்காலத்தில் ஒருநாள் வங்கக்கடலில் மறுபடியும் காற்றழுத்தத் தாழ்வு. அத்தை போன் செய்தார்.

"ஏன்டா, கரையைக் கடந்துடுச்சுன்னா, போயிடுச்சுன்னு அர்த்தமா, வந்துடுச்சுன்னு அர்த்தமா?"

"வந்துடுச்சுன்னு அர்த்தம் அத்தை."

"அப்படியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்றார்.